ஓசைக்குள் ஒளியும் தமிழும் படத்தில் உடையும் தமிழும்



ஒருபுறம் கருநாடகமும் மறுபுறம் ஆந்திரமும் நெருங்கிநிற்கும் எல்லையூர் இவ் வேப்பனப்பள்ளி. இங்குள்ள இளைஞர்தம் கைப்பேசிகளில் ஒரே பொருளுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் விளம்பரப் படங்கள் வந்து விழுகின்றன. அவற்றுள் தமிழ்ப்படம் எந்நிலையில் வருகின்றது என்பதே இன்றைய பேச்சுக்குப் பொருள்.

தொலைக்காட்சி விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். ஓசூரில் தொழிலகம் கொண்ட டைட்டன் நிறுவனம், டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984-இல் தொடங்கியது. 'டாட்டா இண்டசுட்ரீசு' என்பதன் முதலெழுத்துகளும் 'தமிழ்நாடு' என்பதன் முதலெழுத்துகளும் சேர்ந்தே அப்பெயர் பிறந்தது. தம் நாட்டின் பெயர் தம் மணிக்கட்டிலேயே ஒளிந்துகிடப்பதை அறிந்த தமிழர் எத்தனை பேர்? அந்நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரங்களை வீடுதோறும் கொண்டுசென்றது, மொசார்ட்டு 1773-இல் ஆக்கிய 25-ஆம் பல்லியத்தின் இசைப்பகுதி. இசை பேசியது, ஆங்கே சொல்லுக்கு வேலை குறைவு.

இன்றோ தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வரும்பொழுதே, அதற்குத் துணையாகக் குமுக ஊடகங்களுக்கென்று படங்களும் ஆக்கப்படுகின்றன. திரையின் அகலக் காட்சி சதுரமாகவும் நெடும்படமாகவும் வெட்டப்படுகின்றது. பேருந்திலும் பணியிடத்திலும் பலர் ஓசையை அடக்கியே கைப்பேசியைப் பார்ப்பர். இசையுமில்லை, குரலுமில்லை. விளம்பரத்தின் சுமை முழுவதும் படத்தின்மேல் எழுதிய இரண்டு வரிகளின் தலையில் ஏறுகின்றது. தொலைக்காட்சியில் மொழிமாற்றுக் குரலின் விரைவில் மறைந்துபோகும் குறை இங்கு மறையாது. இந்திச் சொற்றொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த தமிழ், 'வாங்கி கொள்ளுங்கள்' என்று ஒற்றின்றி நொண்டும் தமிழ், ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழ் என எல்லாம் வெளிச்சத்திற்கு வந்துவிடுகின்றன.

இவற்றினும் இழிந்தது எழுத்துடைவு. 'கெ' என்பதில் கொம்பை மெய்க்குப் பின்னரே கணிப்பொறி பதிவு செய்கின்றது. திரையில் முன்னே கொணர்ந்து காட்டுவது மென்பொருளின் கடமை. வடிவமைப்பு மென்பொருளில் தென்னாசிய எழுத்துகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்துகொள்ளாவிடின் கொம்பு பின்னே போய்த் தனித்து நிற்கும். 'கொ', 'கோ' ஆகியவை சிதையும். ஒருங்குகுறியில் தட்டிய வரியைப் பழைய குறிமுறை எழுத்துருவில் ஏற்றினாலும் இதே அழிவுதான். தமிழறியாத வடிவமைப்பாளர்க்கு அவ்வுடைந்த எழுத்தும் ஓர் அழகிய கோலமே! பிழையென்று எவ்வாறு அறிவார்? அவரை நோவதில் பயனில்லை. படத்தை வெளியிடுமுன் தமிழறிந்த ஒருவர் கண்ணில் காட்டாத நிறுவனத்தையே நோகவேண்டும்.

கடைப்பெயர்ப் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி மூன்றும் 5:3:2 என்னும் அளவில் அமையவேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. கைப்பேசிக்குள் நுழையும் படத்தை அவ்விதி தொடுவதில்லை.

2021 அக்தோபரில் நடந்ததையும் நினைவுகூர்தல் தகும். சொமேட்டோவின் வாடிக்கையாளர் பணியாளர் ஒருவர், இந்தி நாட்டுமொழியாதலால் அனைவரும் சிறிதளவேனும் அதனை அறிந்திருத்தல் வேண்டும் எனத் தமிழர் ஒருவரிடம் கூறினார். அவ்வுரையாடல் குமுக ஊடகத்தில் வெளிப்பட்டதும் எதிர்ப்பு மூண்டது. நிறுவனம் தமிழிலும் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இசையமைப்பாளர் அனிருத்தைத் தமிழ்நாட்டுக்கான விளம்பர முகமாக அமர்த்தியிருப்பதையும், கோவையில் அழைப்பு நடுவம் அமைத்துவருவதையும், செயலியின் தமிழ் வடிவம் உருவாகிவருவதையும் அவ்வறிக்கை எடுத்துரைத்தது. நோக்குங்கள்: தமிழ் முகம் முதலில் வந்துவிட்டது, தமிழ்ச் செயலி இன்னும் வழியில் இருந்தது! முகத்தை வாங்க ஓர் ஒப்பந்தம் போதும். மொழியை வழங்கவோ ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலியும் வேண்டும்.

ஓசூர்த் தொழிலகங்களுக்கு நாள்தோறும் பேருந்தேறும் இப்பகுதி இளைஞருள் கணிப்பொறி வரைகலை கற்றோர் உளர். அவர்கள் எழுத்துருவையும் ஒருங்குகுறியையும் வல்லெழுத்து மிகுமிடங்களையும் ஒருசேரக் கற்பாராயின், வேலை தேடிச் செல்லும் விளம்பர நிறுவனத்தில் 'இத்தமிழ் வரி பிழை' என்று துணிந்து சொல்லலாம். பிறரும் வாளாவிருக்க வேண்டுவதில்லை. உடைந்த தமிழோடு படம் வருமாயின், அப்படத்தின் கீழேயே திருத்திய வரியை எழுதி அந்நிறுவனத்திற்கு விடுக்கலாம். எழுத இரண்டு நிமையங்கள் போதும்.