நாம் கண்டு மகிழ்ந்த படங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் திருக்குறளைப் பற்றியும் சிலப்பதிகாரத்தைப் பற்றியும் கற்றறிந்த சான்றோர் பேசக் கேட்டு வந்திருக்கின்றோம். இவ்வாண்டு சங்கத்தார் நம்மை அழைத்து, விரும்பிப் பார்த்த திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு பணித்தனர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவருக்கு இதுவே தகுந்த பொருள் என்று எண்ணினார்கள் போலும். அதில் நமக்குச் சிறிதும் வருத்தமில்லை. இலக்கணம் நாம் கற்றது குறைவு. படம் பார்த்தது அதிகம்.

சினிமா என்றாலே முகம் சுளிப்போர் இச்சபையிலும் சிலர் உளர். அவர்களோடு வழக்காடும் எண்ணம் நமக்கில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். பொம்மசந்திரத்தின் தொழிற்சாலைகளை நம்பி இந்த ஹெப்பகோடியில் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் கற்கின்றனர். தமிழ் எழுத்தை அவர்கள் எங்கே காண்கின்றனர்? சுவரில் தொங்கும் நாட்காட்டியில். ஊரிலிருந்து வரும் திருமணப் பத்திரிகையில். அவற்றை விட்டால் திரையில் ஓடும் பெயர் வரிசையில். நம் இல்லத்துச் சிறுமி ‘இயக்கம்’ என்னும் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தது புத்தகத்தில் அன்று, தொலைக்காட்சிப் பெட்டியிலேதான். ஆகவே இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

முதலில் ‘பராசக்தி’. 1952-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த படம். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி அவர்களின் வசனம், சிவாஜி கணேசன் அவர்களின் முதற் படம் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்ததே. நாம் பிறப்பதற்கு வெகு காலம் முன்னர் வந்த அப்படத்தைத் தொலைக்காட்சியில்தான் கண்டோம். நீதிமன்றக் காட்சியைப் பலரும் புகழ்வர். நம் நெஞ்சில் நின்றது வேறு. பிழைப்புத் தேடி ரங்கூன் சென்ற அண்ணன்மார், மதுரையிலே தங்கை, நடுவே யுத்தம். தங்கையின் திருமணத்துக்கு நினைத்தபடி வந்து சேர இயலாத அண்ணனின் தவிப்பு இருக்கிறதே, அது விடுப்பு மறுக்கப்பட்ட ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரிந்த தவிப்பு. ரங்கூனுக்கும் ஹெப்பகோடிக்கும் தொலைவில்தான் வேற்றுமை.

அப்படத்தில் விமலாவாக நடித்த பண்டரிபாய் அவர்கள் கன்னட நாட்டுக் கடற்கரையில், பட்கலில் பிறந்தவர். இரண்டாண்டு கழித்து, 1954-இல், ராஜ்குமார் அவர்கள் கதாநாயகனாக முதன்முதலில் தோன்றிய ‘பேடர கண்ணப்பா’ என்னும் கன்னடப் படத்திலும் அவரே நாயகி. அக்கதையோ நம் கண்ணப்ப நாயனார் கதை! தமிழர் போற்றும் நடிகர் திலகத்துக்கும் கன்னடியர் போற்றும் நடிகருக்கும் திரையில் முதல் இணை ஒருவரே என்பதை அறிந்த நாள் தொட்டு, நமக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. விரும்பிப் பார்க்கும் படம் எதுவாயினும், அதில் இந்த மண்ணின் பங்கு என்ன என்று தேடிப் பார்ப்பது. தேடத் தேட வியப்பே மிகுந்தது.

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘கப்பலோட்டிய தமிழன்’, ‘கர்ணன்’ ஆகிய மூன்று படங்களையும் நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டவேண்டும் என்பது நம் கொள்கை. தமிழ் உச்சரிப்பு என்றால் என்ன என்று அவை கற்றுத் தரும். ழகரமும் ளகரமும் தனித்தனியே காதில் விழும். கட்டபொம்மனுக்காக 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் அவர்கள் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வ. உ. சிதம்பரனாரின் வரலாறான ‘கப்பலோட்டிய தமிழன்’ 1961-இல் வந்தபோது வசூலில் தோற்றது. கோயிலில் பிரசாதம் தீர்ந்தபின் வருவோரைப் போல, நல்ல படத்துக்குத் தமிழர் கூட்டம் சிலவேளை பிந்தியே வரும். ‘கர்ணன்’ 1964-இல் வந்தது; புதுப்பிக்கப்பட்டு 2012-இல் மறுபடியும் திரையிடப்பட்டபோது, புதுப் படங்களுக்கு ஈடாக மக்கள் திரண்டு வந்து பார்த்தனர்.

இம்மூன்றையும் தயாரித்து இயக்கியவர் பி. ஆர். பந்துலு. அவர் கோலார் ஜில்லாக்காரர்! பாஞ்சாலங்குறிச்சியின் வீரத்தையும் தூத்துக்குடியின் தியாகத்தையும் தமிழருக்குத் திரையில் காட்டியவர், இங்கிருந்து கிழக்கே சில மணி நேரப் பயணத்தில் உள்ள சீமையைச் சேர்ந்தவர். அதே 1961-இல் அவர் கன்னடத்தில் ‘கித்தூர் சென்னம்மா’ எடுத்தார். பெங்களூரில் பிறந்து, 2025 ஜூலையில் மறைந்த பி. சரோஜாதேவி அவர்களே அதில் ராணி. வெள்ளையனை எதிர்த்த தமிழ் வீரனையும் கன்னட வீராங்கனையையும் ஒரே கை படைத்தது.

பந்துலு அவர்களின் படங்களில் நமக்கு மிகவும் பிடித்தது இவற்றில் எதுவும் அன்று என்றால் வியப்பீர்கள். 1958-இல் அவர் கன்னடத்தில் எடுத்த ‘ஸ்கூல் மாஸ்டர்’தான் அது. ஓய்வு பெற்ற ஆசிரியரும் மனைவியும், பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒருவர் ஒருவராகப் பிரித்து அனுப்பப்படுகின்றனர். முதுமையில் கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம். ‘அப்பாவை நீ வைத்துக்கொள், அம்மாவை நான் வைத்துக்கொள்கிறேன்’ என்னும் ஏற்பாடு நம் காலனியில் எத்தனை வீடுகளில் நடக்கிறது என்பதை யாம் சொல்லவேண்டியதில்லை. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா இங்கே. ஊர் நிலத்தைக் காக்க அப்பா அங்கே. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட படம். அதில் சிறிய வேடத்தில் நடிகர் திலகமே கன்னடப் படத்தில் தோன்றுகிறார் என்பது ஒரு கூடுதல் இன்பம். மொழி முழுதும் புரியாவிட்டாலும் கண்ணீர் வரும்.

பந்துலுவிடம் உதவியாளராய் இருந்து தொழில் கற்றவர் புட்டண்ண கனகால். கனகாலிடம் உதவியாளராய் இருந்தவர் நம் பாரதிராஜா. அவர் 1977-இல் ‘16 வயதினிலே’ எடுத்தபோது, தமிழ்ச் சினிமா முதன்முறையாக அரங்கத்தை விட்டு வெளியேறி உண்மையான தமிழ்க் கிராமத்துக்குள் நுழைந்தது என்று எல்லோரும் போற்றினர். போற்றத் தக்கதே. ஆனால் அந்தக் கிராமக் காட்சிகளில் பெரும்பாலானவை எடுக்கப்பட்டது மைசூர், கொள்ளேகாலம் பகுதிகளில்! சப்பாணியும் மயிலும் நடந்த புழுதி கன்னட நாட்டுப் புழுதி. அதில் பரட்டையாக வந்தவரோ, பெங்களூரில் பிறந்து, மராத்தி பேசும் வீட்டில் வளர்ந்து, இந்நகரத்துப் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்தவர். அவரை முன்னர் 1976-இல் ‘கதா சங்கம’ என்னும் கன்னடப் படத்தில் நடிக்க வைத்தவரும் அதே புட்டண்ண கனகாலே.

ரயில்வே ஊழியர் சினிமாவைப் பற்றிப் பேச வந்து ரயிலைச் சொல்லாமல் இறங்கினால் சக ஊழியர்கள் மன்னிக்கமாட்டார்கள். 1978-இல் வந்த ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில், காதலன் கடைசிப் பெட்டியின் முதுகில் செய்தி எழுதி அனுப்ப, கிராமத்தில் காதலி அதைப் படிக்கின்றாள். ரயில்வே சொத்தில் எழுதுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதை இங்குள்ள இளைஞர்களுக்கு உத்தியோக முறையில் தெரிவித்துக்கொள்கின்றோம். படம் நல்ல படம். ‘மூன்றாம் பிறை’ 1982-இல் வந்தது. நீலகிரி மலைப் பாதையிலுள்ள கேத்தி நிலையத்தில் மழையில் நிகழும் அதன் முடிவை மறக்க முடியுமா? தன்னை அவள் அடையாளம் கண்டுகொள்ளமாட்டாளா என்று சீனு குரங்கு போல் குதித்துக் காட்டுகிறான், அவளோ பைத்தியக்காரன் என்றெண்ணி முகம் திருப்புகிறாள், வண்டி புறப்பட்டுவிடுகிறது. வழியனுப்ப வந்து, வண்டி போனபின் மேடையிலேயே நின்றுவிடுவோரை நாம் பணியில் நாள்தோறும் காண்கின்றோம். அவ்வாறு நிற்பவர் எவரையும் விரைவாக நகரச் சொல்ல, அப்படம் கண்ட பின் நமக்கு வாய் வருவதில்லை. அதை இயக்கிய பாலு மகேந்திரா இலங்கைத் தமிழர். அவர் முதன்முதலில் இயக்கியதும் ஒரு கன்னடப் படமே. 1977-இல் வந்த ‘கோகிலா’.

இனித் தொலைக்காட்சி. ‘மெட்டி ஒலி’ போன்ற தொடர்களை இங்குள்ள தாய்மார்கள் நம்மினும் நன்கறிவர். 2002-இல் தொடங்கிய அத்தொடரில் ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் கவலை உண்மையான கவலை. பின்னர் வந்த தொடர்களில், ஒருவரை ஒருவர் கெடுக்கச் சூழ்ச்சி செய்வதே குடும்பம் என்றாகிவிட்டது. அதைக் குறித்து மேலும் பேசினால் இன்றிரவு நம் வீட்டில் உணவு கிடைப்பது அரிது.

நம் மனத்துக்கு உகந்த தொடர் ஒன்றே ஒன்று. ‘மால்குடி டேஸ்’. 1980-களின் பிற்பகுதியில் தூர்தர்ஷனில் வந்தது. எழுதியவர் ஆர். கே. நாராயண், சென்னையில் 1906-இல் பிறந்த தமிழர், மைசூரில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதியவர். இயக்கியவர் கன்னட நடிகர் சங்கர் நாக். எடுக்கப்பட்ட இடம் சிவமொக்கா ஜில்லாவின் ஆகும்பே. இசை நம் எல். வைத்தியநாதன். பாத்திரங்கள் பேசியதோ இந்தி! வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், புத்தகத்தில் ஆங்கிலம், பெட்டியில் இந்தி என்று வாழும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எது? மால்குடி எந்தப் படத்திலும் இல்லாத ஊர் என்பர். அது நம் காலனிக்கு அடுத்த ஸ்டேஷன் என்றே நமக்குத் தோன்றும்.

ஸ்டேஷன் என்றதும் நினைவு வருகிறது. அத்தொடரில் மால்குடி ரயில் நிலையமாகக் காட்டப்பட்டது சிவமொக்கா–தாளகுப்பா பாதையிலுள்ள அரசாளு நிலையம். அந்தப் பழைய கட்டடத்தைத் தென்மேற்கு ரயில்வே பழுதுபார்த்து, 2020-இல் மால்குடி அருங்காட்சியகம் ஆக்கியுள்ளது. கற்பனை ஊருக்கு உண்மையான ரயில்வே செய்த மரியாதை இது. விடுமுறையில் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

அத்தொடரில் தபால்காரர் தானப்பாவின் கதை ஒன்று உண்டு. தெருவில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. அந்த நாள் தப்பினால் வரன் கைநழுவிவிடும். அப்போது உறவினர் ஒருவர் உடல்நிலை மோசம் என்று கடிதம் வருகிறது. பின்னர் இறந்த செய்தியும் வருகிறது. தானப்பா இரண்டையும் கொடாமல் வைத்திருந்து, திருமணம் முடிந்த பின்னர் தந்தையிடம் கொடுத்து, தம்மேல் புகார் செய்தாலும் செய்யலாம் என்கிறார். விதிப்படி அவர் செய்தது தவறு. இருபதாண்டுக்கு மேல் விதிகளோடு வாழும் எழுத்தர் என்ற முறையில் அதை நாம் மறுக்கமாட்டோம். ஆயினும், அத்தெருவின் ஒவ்வொரு வீட்டையும் தன் வீடாக அறிந்திருந்த அந்த மனிதரைப் போன்ற ஒருவர் நம் தெருவுக்கு வருவாரா என்றே ஏங்குகின்றோம். பிழைக்க வந்த ஊரில் நம் வீட்டு நல்லது கெட்டது அறிந்த ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய பேறு என்பதை நாமெல்லாம் அறிவோம்.

அவ்வாறு ஒருவர் நமக்கு உண்டு என்பதை 2016 செப்டம்பரில் கண்டோம். காவிரிப் பூசலால் பெங்களூரில் பஸ்கள் எரிந்த நாட்கள் அவை. 1991-ஐ நேரில் கண்ட மூத்தோர் கதவைத் தாழிட்டுக்கொண்டனர். பெட்டியில் தமிழ் அலைவரிசைகள் நின்றுவிட்டன. தெருவில் தமிழ் பேசாதே என்று குழந்தைகளுக்குச் சொன்னோம். ஒரு தகப்பன் அதைச் சொல்லும்போது அவன் வாய் எவ்வளவு கசக்கும் என்பது சொன்னவருக்கே தெரியும். அன்று மாலை, பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் ஒரு பாத்திரத்தில் சாருடன் வந்து, நம் வீட்டிலேயே அமர்ந்துகொண்டார். கன்னட அலைவரிசை ஒன்றில் ‘கஸ்தூரி நிவாஸ’ ஓடிற்று. 1971-இல் ராஜ்குமார் நடித்த படம். கொடுத்துக் கொடுத்தே வறியவனான ஒருவன், விருந்தினருக்கு உணவிட வேண்டித் தான் வளர்த்த புறாவை இழந்த பின், அந்தப் புறாவையே விருந்தினர் கேட்கும் கதை.

பத்து நிமிடம் பார்த்ததும் நம் தாயார், “இது நம்ம சிவாஜி படமாச்சே!” என்றார். உண்மைதான். 1975-இல் சிவாஜி நடித்த ‘அவன்தான் மனிதன்’ இதே கதை. கதையை எழுதியவரும் ஜி. பாலசுப்பிரமணியம் என்னும் தமிழரே. தாயார் தமிழில் முடிவை முன்கூட்டியே சொல்ல, அம்மையார் கன்னடத்தில் அவரைக் கடிந்துகொள்ள, இருவரில் யார் நன்றாக நடித்தார் என்னும் வழக்கு இரவு ஒன்பது மணி வரை நீடித்தது. தீர்ப்பு இன்றுவரை வழங்கப்படவில்லை. குழந்தைகள் தாழ்ந்த குரலை மறந்து உரக்கவே சிரித்தனர்.

செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இந்த மன்றத்தில் ஒரு படம் திரையிடலாம். இயந்திரத்துக்கு ஆகும் வாடகையில் ஒரு பங்கை நாம் ஏற்கின்றோம். முதல் மாதம் ‘கப்பலோட்டிய தமிழன்’, மறு மாதம் ‘ஸ்கூல் மாஸ்டர்’ என மாறி மாறி வைத்துக்கொள்ளலாம். அழைப்பிதழைத் தமிழிலும் கன்னடத்திலும் அச்சிட்டு, இரு பக்கத்து வீடுகளுக்கும் கொடுப்போம். தமிழ்ப் பகுதியை நம் சங்கத்துச் சிறுவர் சிறுமியரே கையால் எழுதட்டும்; பிழையிருந்தால் திருத்திக் கொடுக்க நாம் மாலையில் பணி முடிந்து வருகின்றோம். ‘கஸ்தூரி நிவாஸ’ வைக்கும் மாதத்தில் மட்டும், நம் தாயாரை முன்வரிசையில் உட்கார வைக்காதீர்கள்.