அஸர் தொழுகையின் இரு நேரங்கள்

மைசூரில் உருது பேசும் முஸ்லிம்களில் பெரும்பாலோர், கூஃபா நகரில் வாழ்ந்து 767இல் மறைந்த இமாம் அபூஹனீஃபாவின் வழியினர். வயநாட்டிலிருந்தும் மலபாரிலிருந்தும் அந்நகருக்கு வரும் மாப்பிள்ளை முஸ்லிம்களோ, 820இல் எகிப்தில் மறைந்த இமாம் ஷாஃபியின் வழியினர். தமிழகத்திலும் இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகளாகவும், கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபிகளாகவும் உள்ளனர். மத்ஹபு எனப்படும் இவ்வழிகள் குர்ஆனிலிருந்தும் நபிமொழியிலிருந்தும் சட்டம் வகுக்கும் முறைகளேயன்றித் தனித்தனிச் சமயப் பிரிவுகள் அல்ல. ஐவேளைத் தொழுகைக் கடமையிலோ கிப்லா என்னும் தொழுகைத் திசையிலோ அவற்றிடையே வேறுபாடு இல்லை.

வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும் இடம் பிற்பகல் தொழுகையாகிய அஸர். நண்பகலில் எஞ்சும் நிழலைக் கழித்துவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமானதும் அஸர் தொடங்குகிறது என்பது ஷாஃபி சட்டம். இரு மடங்காக வேண்டும் என்பது அபூஹனீஃபாவின் கருத்து. மைசூரின் வானில் இவ்விரு நேரங்களுக்கும் இடையே, பருவத்துக்கேற்ப ஏறத்தாழ 50 முதல் 75 நிமிடங்கள் செல்கின்றன. ஆயினும் அபூஹனீஃபாவின் தலைமாணாக்கர்களான அபூயூசுஃபும் முஹம்மது அஷ்ஷைபானியும் இவ்விஷயத்தில் ஆசிரியரை விட்டு விலகி ஒரு மடங்கையே ஏற்றனர் என்பது பலர் அறியாத, ஆனால் மிக முக்கியமான செய்தியாகும். ஒரே மத்ஹபுக்குள்ளேயே இடம்பெற்ற கருத்து வேறுபாட்டை, மற்றொரு மத்ஹபினரின் பிழையாகக் கருதுவதற்கு நியாயமில்லை.

குனியும்போதும் நிமிரும்போதும் கைகளை உயர்த்துவது, பாத்திஹா அத்தியாயம் முடிந்ததும் உரக்க ஆமீன் கூறுவது ஆகியவை ஷாஃபி வழக்கம். ஹனஃபிகள் ‘அல்லாஹு அக்பர்’ என்று கூறித் தொழுகையைத் தொடங்கும் தக்பீரில் மட்டும் கைகளை உயர்த்தி, ஆமீனை மெல்லக் கூறுவர். ஆமீனின் ஒலி நீதிமன்றம்வரை சென்றதும் உண்டு. காசியின் பள்ளிவாசல் ஒன்றில் அதை உரக்கக் கூறியோர் தண்டிக்கப்பட்ட வழக்கில், 1885இல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சையத் மஹ்மூத், பள்ளிவாசல் எல்லா முஸ்லிம்களுக்கும் உரியது என்றும், மனமார உரக்கக் கூறும் ஆமீன் குற்றமாகாது என்றும் அரபுச் சட்ட நூல்களைக் கொண்டே தனித் தீர்ப்பு எழுதினார்.

வைகறைத் தொழுகையில் ஷாஃபி இமாம் நின்றவாறு ஓதும் குனூத் என்னும் வேண்டுதல் ஹனஃபிகளின் அன்றாட வைகறை வழக்கில் இல்லை. எனினும், பின்னால் நிற்கும் ஹனஃபி தொழுகையை விட்டு விலக வேண்டியதில்லை, இமாம் ஓதி முடிக்கும்வரை அமைதியாக உடன் நிற்க வேண்டும் என்பதே அபூஹனீஃபாவின் தீர்ப்பு.