குருதியும் குடிவழியும்

காயம் பட்ட இடத்திலே குருதி உறைவது, உடலுக்கு இயற்கை அளித்த காவலாகும். ஆயினும், நேயர்களே, அக்காவல் எல்லை கடந்தால் அதுவே கேடாய் முடியும். காயம் எதுவுமின்றி நாளத்தின் உள்ளேயே குருதி கட்டியாகி, வழியை அடைத்துவிடுவதும் உண்டு.

அத்தகைய அடைப்பு அரிதாக ஈரலிலே நிகழ்கின்றது. ஈரலிலிருந்து இதயத்தை நோக்கிக் குருதியைக் கொண்டுசெல்வன ஈரல் நாளங்கள். அவை அடைபடின் குருதி தேங்கும், ஈரல் வீங்கும், வலப்புற மேல்வயிறு நோகும், வயிற்றில் நீர் சேரும். இந்நோயை 1845ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் ஜோர்ஜ் பட் எடுத்துரைத்தார். 1899இல் நோயியல் அறிஞர் ஹான்ஸ் கியாரி அதனை விரிவாக ஆராய்ந்தார். ஆகவே அது 'பட் கியாரி நோய்' எனப்படுகின்றது.

குருதி தகாத இடத்தில் உறைவது ஏன்? உறைதலைத் தூண்டும் புரதங்களும் அதனை அடக்கும் புரதங்களும் குருதியில் ஒருங்கே உள்ளன. அடக்கும் புரதங்கள் காளைக்கு மூக்கணாங்கயிறு போன்றவை. சில குடும்பங்களில் இக்கயிறு பிறப்பிலேயே நலிந்திருக்கும். 1965இல் நோர்வே நாட்டு வைத்தியர் எகபேர்க், குருதிக்கட்டி பலருக்கும் ஏற்பட்ட ஒரு குடும்பத்தில், 'அன்ரித்துரொம்பின்' என்னும் அடக்கும் புரதம் குறைந்திருப்பதைக் கண்டார். 1994இல் நெதர்லாந்தின் லைடன் நகர அறிஞர்கள், உறைதலின் ஐந்தாங் காரணியை ஆக்கும் பரம்பரை அலகில் ஒரு மாற்றத்தைக் கண்டனர். அம்மாற்றம் அடக்கும் புரதத்துக்கு அக்காரணியைப் பணியாதபடி செய்கின்றது. ஐரோப்பிய வழியினருள் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேரிடம் இது உண்டு.

எனினும், அவர்களுட் பெரும்பாலோர்க்கு வாழ்நாளில் ஒரு தீங்கும் நேர்வதில்லை. பரம்பரை தருவது சார்பேயன்றி விதியன்று. கருப்பம், ஈஸ்திரசன் கலந்த கருத்தடை மாத்திரை, பிற்காலத்தில் தோன்றும் என்பு மச்சைக் கோளாறு முதலிய வேறொன்று அதனுடன் சேரும்போதே நோய் பெரும்பாலும் வெளிப்படுகின்றது.

இங்கே வைத்தியருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. மேற்கூறிய புரதங்களைப் பெரும்பாலும் ஆக்குவது ஈரலே. ஈரல் நலிந்தால் அவையும் குறையும். அக்குறை பிறப்பில் வந்ததோ, நோயால் வந்ததோ என்பதை நோயாளியின் குருதி மட்டும் கூறாது. பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் சோதித்தே அதனைத் தெளிய வேண்டியிருக்கும்.

ஆனால் குடும்பமோ வாய் திறக்கத் தயங்குகின்றது. மகளின் மணப்பேச்சுக் குலையுமென அஞ்சி, தாய்மாமன் காலில் குருதி கட்டி இறந்த செய்தியை மறைப்போர் உளர். அதனை அறியாத வைத்தியர், அம்மகளுக்கே ஆகாத மாத்திரையைக் கொடுத்துவிடவுங் கூடும்.

காலத்தோடு அறிந்தால் வழி உண்டு. உறைதலைத் தடுக்கும் மருந்துகள் உள்ளன. அடைபட்ட நாளத்தை விரித்து வைக்குங் குழாயும் உண்டு. ஈரல் முற்றாகக் கெட்டவர்க்கு மாற்று ஈரல் பொருத்துவர். அப்புதிய ஈரல் புரதங்களைச் செம்மையாக ஆக்குவதால், பிறப்போடு வந்த குறையும் பெரும்பாலும் நீங்குகின்றது. ஆயினும் பரம்பரை அலகு உடலில் மாறாது நிற்கும். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது சேர்வதற்குப் பாதி வாய்ப்பு உண்டு.

ஆதலால், நிலபுலங்களின் உறுதியைப் பேணிப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் பெற்றோர், குடும்பத்தில் யார் யாருக்குக் குருதிக்கட்டி வந்தது, எந்த வயதில் வந்தது என்பதையும் குறித்து ஒப்படைத்தல் வேண்டும். அவ்வுண்மையை வைத்தியரிடம் கூறுவதால் குடிக்கு இழுக்கு எதுவும் இல்லை.