பழைய காரா, புதிய காரா?
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"சார், செகண்ட் ஹேண்ட் எடுக்கலாமா, ஷோரூம் வண்டியே எடுத்துடலாமா?" லிஃப்டிலும் பார்க்கிங்கிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காப்பீட்டுக்கான தேய்மான அட்டவணைப்படி, ஓராண்டு தாண்டிய காருக்கு 20 சதவீதம் கழிப்பார்கள். மூன்றாண்டு தாண்டினால் 40. நான்காண்டு தாண்டினால் 50. அதாவது, 10 லட்ச ரூபாய் காரின் காப்பீட்டு மதிப்பு ஐந்தாம் ஆண்டில் 5 லட்சம்தான். அந்தத் தேய்மானத்தை முதல் உரிமையாளர் சுமந்துவிடுகிறார். மூன்று, நான்கு வருட வண்டி லாபம் என்பது இதனால்தான். ஆனால் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். வண்டியின் வயதை அதில் கழித்துக்கொள்ளுங்கள். வெளிமாநில வண்டி மலிவாகக் கிடைத்தால், இங்கே மறுபதிவு செய்து சாலை வரி கட்டும் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய கார்கள் ஏராளம். வெளியே பளபளவென்று இருக்கும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

அடுத்து, காகிதம். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கிய 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பாக்கி அபராதம் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

விற்பவர்களே, பணம் கைக்கு வந்ததோடு வேலை முடியவில்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. யாரோ ஓட்டிய வண்டிக்கு நீங்கள் கோர்ட் படி ஏற வேண்டாம்.

தினமும் நீண்ட தூரம் ஓட்டுபவரா, பத்து வருடம் வைத்திருப்பவரா? புதியதே நல்லது. வாரம் ஒரு முறை கோயில், உறவினர் வீடு என்றால் நல்ல பழைய வண்டி போதும். எதுவானாலும், பழைய வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய், உங்கள் சில லட்சங்களைக் காக்கும்.