குளிர்நாட்டு மின்சாரமும் நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியும்

(திருவண்ணாமலை வட்டாரத்தில் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் உழவர்களும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பனி உறையும் நாடுகளில் மின்சாரம் தடையின்றிக் கிடைக்க எவ்வாறு திட்டமிடுகின்றார்கள் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். சித்திரை வெயிலில் பாறையே பொரியும் நமது ஊருக்குப் பனிநாட்டுச் சங்கதி எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். மின்சாரம் நின்றால் நமக்குப் புழுக்கம் உண்டாகின்றது; பயிர் வாடுகின்றது. அந்நாடுகளிலோ ஓர் இரவு மின்சாரம் நின்றால் வீட்டுக்குள்ளேயே மனிதர் குளிரில் விறைத்து இறக்க நேரிடும். உயிருக்கு அச்சம் இருக்கும் இடத்தில் கணக்கும் கண்டிப்பாக இருக்கும். அந்தக் கணக்கை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

இதற்காக அயல்நாடு செல்லவும் வேண்டியதில்லை. நம் பாரத நாட்டின் வடகோடியில் லடாக் இருக்கின்றது. அதன் தலைநகரமான லே, கடல் மட்டத்திற்கு 11,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. தை மாத இரவுகளில் அங்கே குளிர் பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி வரையிலும் இறங்குவதுண்டு. சிந்து நதியின்மீது நிமூ-பாஸ்கோ என்னுமிடத்தில் 45 மெகாவாட் திறனுள்ள நீர்மின் நிலையமும், கார்கில் பக்கத்தில் சூரு நதியின்மீது சுட்டக் என்னுமிடத்தில் 44 மெகாவாட் நிலையமும் 2014ஆம் ஆண்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. ஜனத்தொகையோ குறைவு. ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் தாராளமாகத் தோன்றும் கணக்கு இது. ஆனால் அந்த ஆறுகளுக்கு நீர் தருவது மலைப்பனி. கோடையில் பனி உருகி ஆறு பெருகும்போது மின்சாரம் மிச்சப்படும். குளிர் வந்ததும் உருகுதல் நின்று, ஆறு ஒடுங்கி, உற்பத்தி படுத்துவிடும். அறையைச் சூடாக்க மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படுவதும் அதே நாட்களில்தான்.

ஆகவே ஸ்ரீநகரிலிருந்து சோஜி லா கணவாயைக் கடந்து, திராஸ், கார்கில் வழியாக லே வரையில் சுமார் 335 கிலோமீட்டர் தூரத்திற்கு 220 கிலோவோல்ட் மின்பாதை ஒன்று அமைக்கப்பட்டு, 2019 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கோடையில் மிச்சத்தை வெளியே அனுப்பவும், குளிர்காலத்தில் வேண்டியதை உள்ளே பெறவும் அது பயன்படுகின்றது. இவ்வளவு செய்த பின்னரும் அங்குள்ள வீடுகளில் புகாரி என்னும் இரும்பு அடுப்பை எடுத்து எறிந்துவிடவில்லை. அதையும் நாம் கவனிக்கவேண்டும்.

இதிலிருந்து தெரிவது யாதெனில், மின்சாரத் திட்டத்தை ஆண்டின் மொத்தத்தைக் கொண்டு போடலாகாது. ஆண்டிலேயே மிகக் கடினமான ஒரு நாழிகையைக் கொண்டு போடவேண்டும். திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது புதிய பாடமன்று. சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் கோயிலுக்கு வரும் கூட்டத்தை எண்ணியா கார்த்திகைத் தீபத்துக்கு ஏற்பாடு செய்கின்றோம்? 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் அன்றிரவு நிறையும் கூட்டத்தை மனத்திற்கொண்டே தண்ணீர், விளக்கு, பஸ், வைத்தியம் யாவும் திட்டமிடப்படுகின்றன. ஆண்டுக்குச் சராசரி எடுத்து யாராவது தீபத்திற்குத் திட்டம் போட்டால் அவரைப் பார்த்து நகைப்போம். ஊர் மின்சாரத்துக்கும் குடிதண்ணீருக்கும் மட்டும் ஏனோ அவ்வாறு நினைப்பதில்லை.

கடினமான நாழிகையை எண்ணாமல் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு, செல்வத்திற் குறைவில்லாத அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலமே சாட்சி. அது குளிர்ப் பிரதேசம்கூட அன்று. 2021 பிப்ரவரியில் வழக்கத்திற்கு மாறான கடுங்குளிர் அங்கே இறங்கியது. எரிவாயுக் கிணறுகளின் வாய்கள் உறைந்தன. மின் நிலையங்கள் பல நின்றன. காற்றாலைகளும் சில உறைந்தன. லட்சக்கணக்கான வீடுகள் நாட்கணக்கில் இருளிலும் குளிரிலும் கிடந்தன. மாநில அரசின் கணக்குப்படி இறந்தோர் 246 பேர். நான்கரை நிமிடம் தாமதித்திருந்தால் அந்த மாநிலத்தின் மின்தொகுப்பு முழுவதுமே சரிந்திருக்கும் என்று அதை இயக்குவோரே பின்னர்க் கூறினர்.

இதிலே நாம் கருதவேண்டியவை இரண்டு. மின்பற்றாக்குறையின்போது சுற்று முறையில் மின்சாரத்தை நிறுத்தினார்கள் அல்லவா? அப்போது எரிவாயுவைக் குழாயில் தள்ளித் தரும் நிலையங்கள் சிலவற்றின் இணைப்பும் நின்றுபோயிற்று. இன்னின்ன இணைப்புகளை எந்நாளும் நிறுத்தலாகாது என்ற பட்டியலில் அவை இடம்பெறவில்லை. எரிவாயு இல்லாமல் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாமல் எரிவாயு இல்லை என்றாயிற்று. இரண்டாவது, டெக்சாஸ் தன் மின்தொகுப்பை அண்டை மாநிலங்களுடன் நன்கு பிணைக்காமல் தனியே வைத்திருந்தது. ஆகவே பக்கத்து வீட்டில் மாவு இருந்தும் கடன் வாங்க வழியில்லாமற் போயிற்று.

இந்த இரண்டாவது துன்பத்தை நாமும் அனுபவித்திருக்கின்றோம். 2008ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வடக்கே மின்சாரம் கிடைத்தபோதும் அதைப் பெருமளவில் தெற்கே கொண்டுவரப் போதிய பாதை இல்லை. தென்னக மின்தொகுப்பு நாட்டின் ஏனைய பகுதிகளோடு ஒரே துடிப்பில் சேர்ந்தது 2013 டிசம்பர் 31ஆம் நாள், ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதையினால்தான். நியாயமாக இதையும் சொல்லிவிடவேண்டும்: 2012 ஜூலையில் வட இந்தியா முழுவதும் இருண்டபோது, அவ்வாறு சேராதிருந்த காரணத்தால் நாம் தப்பினோம். உறவு என்றால் நன்மையிலும் தீமையிலும் பங்கு உண்டு. ஆயினும் தனித்திருப்பதைவிடச் சேர்ந்திருப்பதே மேல் என்பது எமது கருத்து. 2024 மே 2ஆம் நாள் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்னும் உச்சத்தைத் தொட்டது. அத்தகைய நாளில் வெளியிலிருந்து பெறும் வழியும் இருக்கவேண்டும்.

பெரிய பாதைகளை அமைப்பது மேலிடத்துக் காரியம். நம் கையில் உள்ளவற்றுக்கு வருவோம்.

குளிர்நாட்டு மின் பொறியாளர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. சாதாரணமாக ஓர் ஊரில் உள்ள எல்லாச் சூடேற்றிகளும் ஒரே சமயத்தில் ஓடுவதில்லை. ஒரு வீட்டில் போதிய சூடு வந்ததும் அது நிற்கும். அடுத்த வீட்டில் அப்போதுதான் தொடங்கும். ஆனால் மின்சாரம் சில மணி நேரம் நின்றுவிட்டால் எல்லா வீடும் குளிர்ந்து கிடக்கும். மின்சாரம் திரும்பிய கணத்தில் அத்தனை சூடேற்றிகளும் ஒன்றாக இழுக்கும். வழக்கமான சுமையைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஏறி, வந்த மின்சாரம் உடனே மறுபடியும் போய்விடும். இதற்காக அவர்கள் ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் இடைவெளி விட்டு மின்சாரம் தருகின்றார்கள்.

இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்த கதைபோல் இல்லையா? நம் ஊரில் மும்முனை மின்சாரம் வந்ததும் நடப்பது இதுதான். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றில் 5 குதிரைத்திறன் மோட்டார்கள் இருபது இருப்பதாகக் கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வளவையும் அது ஒருவாறு தாங்கும். ஆனால் ஒரு மோட்டார் புறப்படும்போது சில வினாடிகளுக்கு, ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை எடுக்கின்றது. இருபது கிணற்றிலும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கின்றோம். மின்சாரம் வந்த அதே நொடியில் இருபதும் ஒன்றாகப் பாய்கின்றன. அழுத்தம் வீழ்கின்றது, மோட்டார் சுற்ற மாட்டாமல் முனகுகின்றது, ஃபியூஸ் போகின்றது, அல்லது காயில் கருகுகின்றது. விவசாய மின்சாரம் 1990 முதல் நமக்கு இலவசம். காயில் கட்டும் கூலி இலவசமன்று. டிரான்ஸ்பார்மரே போய்விட்டால், புதியது வந்து சேரும்வரை நிற்கும் பயிரின் நஷ்டத்தை யார் தருவார்?

கனடா தேசத்தின் கியூபெக் மாநிலத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. அங்கே பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தாலேயே சூடாக்கப்படுகின்றன. சில வீட்டுக்காரர்கள், குளிர் பூஜ்யத்திற்குக் கீழே 12 டிகிரியைத் தாண்டினால் தம் வீடு தானாகவே எண்ணெய்க்கோ எரிவாயுவுக்கோ மாறிக்கொள்ளும்படி அமைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக மற்ற நாட்களில் குறைந்த கட்டணம் பெறுகின்றார்கள். கட்டணமே இல்லாத நம் மோட்டாருக்கு அந்தச் சலுகையைக் காட்டமுடியாது. ஆனால் ஏரி மடையில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய பரம்பரை நாம். மடைக்கு முறை வைக்கத் தெரிந்த ஊருக்கு டிரான்ஸ்பார்மருக்கு முறை வைக்கத் தெரியாதா? ஆட்டோ ஸ்டார்ட்டரில் தாமதித்துப் புறப்படச் செய்யும் டைமர் வைத்துக்கொள்ளலாம். முதல் கிணறு ஒரு நிமிடம் கழித்து, அடுத்தது இரண்டு நிமிடம், அதற்கடுத்தது மூன்று என்று திருப்பி வைத்தால் இருபது நிமிடத்தில் அத்தனையும் ஓடும். யார் முதல் என்ற வழக்கு வரும். மாதந்தோறும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். கெப்பாசிட்டர் எனப்படும் மின்தேக்கியையும் பொருத்தினால் கம்பியில் வீண் மின்னோட்டம் குறைந்து, கடைசிக் கம்பத்துக்காரருக்கும் அழுத்தம் கிடைக்கும்.

இனிக் குடிதண்ணீர். இதுவே உரையின் முக்கியப் பகுதி.

கோயம்புத்தூர் மாவட்டத்தில் கடம்பாறை என்னுமிடத்தில் 400 மெகாவாட் மின் நிலையம் ஒன்று 1980களின் பிற்பகுதி முதல் இயங்குகின்றது. மின்சாரம் மிச்சமிருக்கும்போது கீழணையிலிருந்து மேலணைக்குத் தண்ணீரை ஏற்றி வைக்கின்றார்கள். நெருக்கடி வேளையில் அதை இறக்கி மின்சாரம் எடுக்கின்றார்கள். நம் ஊர் மேல்நிலைத் தொட்டியும் ஒரு சிறிய கடம்பாறைதான். மின்சாரம் இருக்கும்போது ஏற்றினால், இல்லாதபோது தானே இறங்கும். ஆனால் பல ஊர்களில் காலையில் ஏற்றி, காலையிலேயே திறந்துவிட்டு, மீதி நேரம் தொட்டியை வெறுமையாக வைத்திருக்கின்றோம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஆயிரம் பேர் உள்ள ஊரில் 30,000 லிட்டர் தொட்டி ஒன்று இருக்கின்றது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற அளவில் கொடுத்தால் 55,000 லிட்டர் வேண்டும்; தொட்டி நிறைந்திருந்தாலும் அரை நாளுக்குச் சற்று மேல்தான் தாங்கும். ஆனால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 15 லிட்டர் என்று குறைத்தால் அதே தொட்டி இரண்டு நாள் தாங்கும். தொட்டி காலியாய் இருக்கும் நேரத்தில் கம்பம் சாய்ந்தால் ஒரு வேளைக்குக்கூட இல்லை.

கம்பம் சாயுமா என்று கேட்கவேண்டியதில்லை. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் டெல்டாப் பகுதியில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்களை வீழ்த்தியது. நம் மாவட்டம் கடற்கரையில் இல்லை என்று நாம் தைரியமாக இருந்தோம். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் புயலின் மழை மறுநாள் இங்கே கொட்டியது. அண்ணாமலையின் சரிவு இடிந்து ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தென்பெண்ணையில் வெளியேறியது. நமது கடினமான நாழிகை சித்திரை மாதப் பகலில் மட்டும் இல்லை. கார்த்திகை மழையிலும் இருக்கின்றது. சுற்றிலும் வெள்ளம் நிற்க, குடிக்கத் தண்ணீர் இல்லாத நாழிகை அது. சூரிய ஒளிப் பம்பு நல்லதுதான். நாம் அதை வரவேற்கின்றோம். ஆனால் மூன்று நாள் மேகம் மூடிய வானத்தின்கீழ் அது என்ன செய்யும்? துருவத்தை ஒட்டிய நாடுகளில் சூடு மிகவும் தேவைப்படும் மாதத்தில் சூரியன் முகம் காட்டாததைப் போன்றதே இது.

ஆகவே வானிலை எச்சரிக்கை வந்த அன்றே தொட்டியை விளிம்புவரை நிரப்பி, குளோரின் இட்டு, வால்வை மூடிவிடவேண்டும். திறக்கும் பொறுப்பு இன்னாருக்கு என்று முன்கூட்டியே தீர்மானம் இருக்கட்டும். மோட்டார் அறையில், ஜெனரேட்டரை இணைக்க ஏற்றவாறு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றை இப்போதே பொருத்திவிடவேண்டும். இதை அலட்சியம் செய்து ஜெனரேட்டரை நேரே கம்பியில் கொடுத்தால், எங்கோ கம்பத்தின்மேல் வேலை செய்துகொண்டிருக்கும் கம்பியாளர் உயிரிழப்பார். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதாது, புறப்படும் வேகத்தைத் தாங்க 12, 15 கே.வி.ஏ. வேண்டியிருக்கும். ஊருக்கு ஒன்று வாங்கவேண்டும் என்பதில்லை. டிராக்டரில் ஏற்றி நான்கைந்து ஊர்த் தொட்டிகளுக்குச் சுற்றில் கொண்டுபோக முடியும். யாரிடம் வாடகைக்குக் கிடைக்கும், எந்தப் பாதையில் தண்ணீர் தேங்காது என்பதெல்லாம் மழைக்கு முன்பே எழுதி வைத்திருக்கவேண்டிய விஷயங்கள். அடிபம்புகளைப் பிடுங்கிவிடாதீர்கள். குழாய் வந்துவிட்டதே என்று வாஷர் மாற்றாமல் விட்ட பம்புகள் நம் ஊர்களில் அநேகம். லடாக்காரர் தம் இரும்பு அடுப்பை வைத்திருப்பதுபோல் நாம் அடிபம்பை வைத்திருப்போம்.

கம்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998 ஜனவரியில் கியூபெக்கில் பெய்த உறைமழையில் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் கோபுரங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரிசையாக விழுந்தன. அதன்பின் இடையிடையே மிக உறுதியான கோபுரங்களை அமைத்து, ஒன்று விழுந்தாலும் வரிசை முழுவதும் விழாதவாறு செய்தார்கள். நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது வளைவிலும் கடைசியிலும் உள்ள கம்பங்களின் ஸ்டே கம்பிகளே. அதில் மாட்டைக் கட்டுவதும், உழும்போது டிராக்டரால் இடித்துத் தளர்த்துவதும், வழியில் நிற்கிறதென்று அறுத்துவிடுவதும் நடக்கின்றன. தளர்ந்த ஸ்டே கம்பியைக் கண்டால் கைவைக்காமல் மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தென்னை மட்டையும் வேப்பங்கிளையும் உரசும் இடங்களையும் அவ்வாறே காட்டிக் கொடுங்கள்.

ஆவணி முடிவதற்குள் ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் ஒரு தாள் நமது அலுவலகத்துக்கு வரவேண்டும். எந்தத் தொட்டி, எத்தனை லிட்டர், எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து மின்சாரம், மோட்டாரின் குதிரைத்திறன் என்ன, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் உண்டா, வேலை செய்யும் அடிபம்புகள் எத்தனை, மருத்துவமனையும் தங்குமிடப் பள்ளியும் எந்த மின்பாதையில் உள்ளன என்பவற்றை அதில் எழுதுங்கள். முதலில் சரிசெய்யவேண்டிய மின்பாதைகள் இவை என்று அந்தத் தாள்களை ஒன்றுசேர்த்து மின்வாரியத்தாரிடம் மழைக்கு முன்னரே கொடுத்துவிட இருக்கின்றோம். தாள் வராத ஊரின் தொட்டி அந்தப் பட்டியலில் இராது.