விரைவும் வேண்டும், நிதானமும் வேண்டும்

(நெகிரி செம்பிலான் மாநில ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)



விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து, உழைத்துக் களைத்த பின்னரும் இம்மாலையில் இம்மண்டபத்தில் வந்து கூடியிருக்கின்றீர்கள். உங்கள் ஓய்வு நேரத்தை எமக்கு அளித்தமைக்கு முதற்கண் நன்றி கூறுகின்றோம். தகவல் இலாகாவினர் வந்தால் சேமநிதி, சுகாதாரம், கல்வி ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். அது சதுரங்கம், அதிலும் குறிப்பாக, விரைவுச் சதுரங்கம்.

“சதுரங்கம் ஆடினால் சோறு கிடைக்குமா?” என்று உங்களுள் சிலர் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையை இறுதியில் கூறுவோம்.

விரைவுச் சதுரங்கம் என்பது யாது? வழக்கமான பெரும் போட்டிகளில் ஓர் ஆட்டம் நான்கு, ஐந்து மணி நேரம் நீடிக்கக்கூடும். உலக விரைவுச் சதுரங்கப் போட்டியிலோ ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 15 நிமிடங்களே அளிக்கப்படுகின்றன. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடிகள் கூடுதலாகச் சேரும். பலகையின் அருகில் இருவர் நேரத்தையும் தனித்தனியே காட்டும் கடிகாரம் ஒன்று இருக்கும். ஒருவர் காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்தியதும் அவருடைய நேரம் நிற்கும். எதிரியின் நேரம் ஓடத் தொடங்கும். நேரம் தீர்ந்துவிட்டால், பலகையில் வெல்லும் நிலையில் இருந்தவரும் தோற்க நேரிடும். ஆகவே, இவ்வாட்டக்காரருக்கு எதிரிகள் இருவர். ஒருவர் எதிரே அமர்ந்திருப்பவர், மற்றொன்று கடிகாரம்.

பெரியோர்களே, இந்நிலை உங்களுக்குப் புதியதன்று. வெயில் ஏறுமுன் உங்கள் நிரையிலுள்ள நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி முடிக்க வேண்டும். ஒரு மரத்தின் முன் நெடுநேரம் நிற்க இயலாது. அதற்காக உளியை அவசரமாக இழுத்தால் மரத்தில் காயம் விழும். காயம்பட்ட இடத்தில் நல்ல பட்டை மீண்டும் வளராது. கைதேர்ந்த தொழிலாளி விரைந்தும் வெட்டுகின்றார். மரத்தைக் காயப்படுத்தாமலும் வெட்டுகின்றார். அந்த விரைவு ஒரே நாளில் வந்ததா? இல்லை. மெதுவாக, ஒவ்வொரு மரமாகப் பழகிய பல்லாண்டுப் பயிற்சியின் பயனே அது. விரைவு வேறு, அவசரம் வேறு. இவ்வுண்மையை உலக அரங்கில் மெய்ப்பித்துக் காட்டிய தமிழர் ஒருவரைப் பற்றி இனிச் சொல்வோம்.

அவர் விஸ்வநாதன் ஆனந்த். 1969ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மயிலாடுதுறையில் பிறந்து, சென்னையில் வளர்ந்தவர். ஐந்து முறை உலகச் சதுரங்க வெற்றியாளராக விளங்கியவர். 2003ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தையும் வென்றார். ஆனால் 2013ஆம் ஆண்டில், தாம் வளர்ந்த சென்னை நகரிலேயே, நார்வே நாட்டின் இருபத்திரண்டு வயது இளைஞரான மேக்னஸ் கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தார். சொந்த ஊர் மக்கள் பார்த்திருக்கத் தோற்பது எத்துணை வேதனை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! 2017ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டனில் நடந்த போட்டியிலும் அவருக்குக் கடைசி இடமே கிடைத்தது. “இவர் காலம் முடிந்துவிட்டது” என்று பலரும் எண்ணினர்.

அதே மாதம் 26 முதல் 28 வரை சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் உலக விரைவுச் சதுரங்கப் போட்டி நடைபெற்றது. மூன்றே நாள்களில் பதினைந்து ஆட்டங்கள். ஓர் ஆட்டம் முடிந்து மூச்சு வாங்குமுன் அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும். முந்திய ஆட்டத்தில் செய்த பிழையை நினைத்து வருந்திக்கொண்டிருந்தால் அடுத்த ஆட்டமும் கைநழுவிப் போகும். இத்தகைய போட்டி இளைஞர்க்கே உரியது என்பது பலர் கருத்து. ஆனந்துக்கோ அப்பொழுது வயது 48.

ஒன்பதாம் சுற்றில், கறுப்புக் காய்களோடு ஆடி, அதே கார்ல்சனை வென்றார் ஆனந்த். பதினைந்து ஆட்டங்களில் ஆறில் வெற்றி, ஒன்பதில் சமநிலை. தோல்வி ஒன்றேனும் இல்லை. பத்தரைப் புள்ளிகளோடு மூவர் முதலிடத்தில் நின்றனர். விதிப்படி அவர்களுள் முன்னிலை பெற்ற இருவர் மீண்டும் மோதினர். இருபத்திரண்டு வயதான ரஷ்ய வீரர் விளாதிமிர் ஃபெதொசேயேவை இரண்டு மின்னல்வேக ஆட்டங்களிலும் வென்று, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அப்பட்டத்தை ஆனந்த் மீண்டும் பெற்றார்.

அந்த ஒன்பது சமநிலைகளை நாம் கவனிக்க வேண்டும். வெல்ல வழியிருந்தபோது வென்றார். வழியில்லாதபோது தோற்காமல் காத்துக்கொண்டார். திருக்குறளில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. எண்ணிச் செய்தல், தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் அறிதல், காலத்தை அறிதல், இடத்தை அறிதல் ஆகிய இந்நான்கும் ஒருங்கே வேண்டப்படுவது இச்சதுரங்கப் பலகையில்தான்.

தாய்மார்களே, இவ்வெற்றியின் வேர் எங்கே இருக்கின்றது என்பதையும் கேளுங்கள். ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் கற்பித்தவர் அவருடைய அன்னை சுசீலா அம்மையார். தந்தையாரின் பணியின் பொருட்டுக் குடும்பம் பிலிப்பைன்சின் மணிலா நகரில் சில காலம் வாழ்ந்தது. அங்கே தொலைக்காட்சியில் பகல் வேளையில் சதுரங்கப் புதிர்கள் வரும். மகன் பள்ளியில் இருப்பான் அல்லவா? அன்னை அப்புதிர்களைக் குறித்து வைப்பார்; மகன் வீடு திரும்பியதும் இருவரும் கூடி விடை கண்டு அனுப்புவர். பரிசுப் புத்தகங்களை அச்சிறுவனே தொடர்ந்து வென்றமையால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு, இனி விடை அனுப்பாமல் இருக்குமாறு நிகழ்ச்சியினர் கேட்டுக்கொண்டனராம்! பெரும் பயிற்சி நிலையம் அன்று. ஒரு தாய், ஒரு தாள், ஓர் எழுதுகோல் — தொடக்கம் இவ்வளவே.

ஆண்பிள்ளைகளுக்கே உரிய ஆட்டம் இது என்றும் எண்ண வேண்டாம். ஆந்திர மாநிலத்தின் கொனேரு ஹம்பி, குழந்தை பெற்றுச் சில காலம் விலகியிருந்து திரும்பிய பின், 2019ஆம் ஆண்டில் மகளிர் உலக விரைவுப் பட்டத்தை வென்றார். 2024ஆம் ஆண்டில் நியூயார்க்கில் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். ஆயினும் மனம் தளராது ஆடி, அப்பட்டத்தை இரண்டாம் முறையாகவும் வென்றார். நம் மலேசிய நாட்டிலும் இயோ லி தியான் சதுரங்கத்தில் உயர்ந்து வழிகாட்டியிருக்கின்றார்.

இங்கே எமது பிழை ஒன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், தோட்டத்துச் சிறுவன் ஒருவனைப் போட்டிக்கு அழைத்துச் சென்றோம். வெல்லும் நிலையில் இருந்த அவன் நேரம் தீர்ந்து தோற்றான். “ஏன் இத்தனை மெதுவாக ஆடினாய்?” என்று பலர் முன்னிலையில் கடிந்துகொண்டோம். அடுத்த ஆட்டத்தில் அவன் பலகையைப் பார்க்கவில்லை; எமது முகத்தையே பார்த்துப் பார்த்துக் காய்களை நகர்த்தினான். சில நிமிடங்களில் ராணியை இழந்தான். மறுவாரம் பயிற்சிக்கு வரவில்லை. பின்னர் வரவே இல்லை. அவனைத் தோற்கடித்தது கடிகாரம் அன்று, எமது சொல்லே. அன்று நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, “எந்த இடத்தில் நெடுநேரம் நின்றாய்? வா, அதைச் சேர்ந்து பார்ப்போம்” என்பதே. அதை எண்ணி இன்றும் வருந்துகின்றோம். நீங்கள் அப்பிழையைச் செய்தலாகாது.

ஆகவே, பெற்றோர்களே, மூன்று செயல்களை உங்களிடம் வேண்டுகின்றோம்.

முதலாவது, பிள்ளை முதலில் கடிகாரமின்றி நிதானமாக ஆடிப் பழகட்டும். தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும் என்னும் விதியை வீட்டிலும் கடைப்பிடியுங்கள். எண்ணிய பின்னரே கை நீளும் பழக்கம் அதனால் வரும்.

இரண்டாவது, ஆட்டம் படிந்த பின் நேரத்தை வைத்துப் பழகட்டும். தனிக் கடிகாரம் வாங்க வேண்டியதில்லை. கைப்பேசியிலேயே சதுரங்கக் கடிகாரத்தை இலவசமாகப் பெறலாம். எதிரி சிந்திக்கும் நேரத்தில் தானும் சிந்திக்கப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது, போட்டியன்று தோல்வியைப் பற்றிக் கேட்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், அடுத்த ஆட்டத்திற்கு அனுப்புங்கள். வீடு திரும்பி, உண்டு, உறங்கி எழுந்த பின், தோற்ற ஆட்டத்தைப் பலகையில் மீண்டும் அடுக்கிப் பார்க்கட்டும். உங்களுக்கு ஆட்டம் தெரியாவிட்டாலும் குறையில்லை. அருகில் அமர்ந்து, “இங்கே என்ன நினைத்தாய்?” என்று கேட்டாலே போதும்.

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். சதுரங்கம் சோறு போடுமா? பெரும்பாலோர்க்குப் போடாது என்பதே உண்மை. எல்லாப் பிள்ளைகளும் ஆனந்த் ஆவதில்லை. ஆனால் எஸ்.பி.எம். தேர்வு மண்டபத்திலும் ஒரு கடிகாரம் ஓடுகின்றது. கடினமான வினாவில் சிக்கி நேரத்தை இழக்காமலும், எளிய வினாவில் அவசரப்பட்டுப் பிழை செய்யாமலும், ஒரு தாள் சரியாக அமையாவிடினும் மறுநாள் தெளிந்த மனத்துடன் அமரவும் நம் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைச் சதுரங்கம் தரும். அப்பழக்கம் சோற்றுக்கும் வழிகாட்டும்.

மரத்தைக் காயப்படுத்தாமல் விரைந்து வெட்டத் தெரிந்த கைகள் உங்கள் கைகள். பிள்ளையின் மனத்தைக் காயப்படுத்தாமல் அதனை முன்னேற்றவும் அக்கைகளால் இயலும் என்னும் நம்பிக்கையோடு விடைபெறுகின்றோம்.