கலவன் என்று பிடுங்கி எறியாதே

தாமல் ஊர்ப் பெரியோர்களே! ஏரித் தண்ணீரை நம்பி நஞ்சை பார்க்கிற விவசாயத் தோழர்களே! தாய்மார்களே! முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே!

பரிணாமத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஜீனில் தானாக விழுகிற மாற்றம், சடுதி மாற்றம் என்று படிக்கிறீர்களே, அதனால் ஓர் உயிருக்குப் புதுக் குணம் உண்டாகுமா? உண்டாகும். உண்டாகியிருக்கிறது. அதை நீங்கள் வடித்துச் சாப்பிட்டிருக்கிறீர்கள்!

2018-ல், நாட்டின் கல்வியைக் கவனிக்கிற நாற்காலியில் இருந்த ஒருவர் பேசினார். குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லையாம். நம் முன்னோர் பார்த்ததாகச் சொல்லவும் இல்லையாம், எழுதவும் இல்லையாம். ஆகவே டார்வின் தப்பாம். கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்கிறார். சரி ஐயா, கோயம்புத்தூர் வயலுக்கு வாருங்கள்!

1912-ல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. பார்னல் என்கிற வெள்ளைக்காரர் நெல்லின் குணங்கள் தாய்ப் பயிரிலிருந்து பிள்ளைப் பயிருக்கு எப்படி இறங்குகின்றன என்று எண்ணி எண்ணிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். அங்கே கோணாமணி என்கிற நாட்டு நெல்லில், யாரும் ஒட்டுச் சேர்க்காமல், யாரும் மருந்து வைக்காமல், ஒரு மாற்றம் தானாக விழுந்தது. சன்னமான அரிசி. அதன் விதையைத் தனியே எடுத்து விதைத்தார்கள். பிள்ளையும் சன்னம். பேரப்பிள்ளையும் சன்னம். 1921-ல் அதை ரகமாகவே வெளியிட்டார்கள். ஜி.இ.பி. 24 என்று பெயர். அது ஓர் அரசு அதிகாரியின் பதவிப் பெயர். கடைத்தெருவில் அதற்கு என்ன பெயர் தெரியுமா? கிச்சிலி சம்பா!

இருங்கள், இருங்கள், கைதட்டலை மிச்சம் வையுங்கள். அந்தக் கிச்சிலி சம்பாவைக் கோ 18 என்கிற ரகத்தோடு சேர்த்துப் பிறந்த பிள்ளை டி.கே.எம். 6. டி.கே.எம். என்றால் எந்த ஊர்? திரூர்க்குப்பம்! இன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டம். 1997-ல் பிரிக்கிற வரைக்கும் நீங்களும் அவர்களும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். நம் மண்ணில் பிறந்த அந்த ரகம் பிலிப்பைன்ஸுக்குப் போய் ஐ.ஆர். 20 என்கிற நெல்லுக்குப் பெற்றோர் ஆயிற்று. ஐ.ஆர். 36-ன் வம்சத்திலும் அது இருக்கிறது. அந்த ஐ.ஆர். 36 ஒரு காலத்தில் உலகத்தில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் நின்றது. தஞ்சாவூர்க்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய ஆடுதுறை 27-க்கும் இதே கிச்சிலி சம்பாதான் ஒரு பக்கத்து உறவு. ஒரு நெல்லில் தானாக விழுந்த மாற்றம், அய்யா! இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தானாக விழுகிற மாற்றத்தில் எது நிலைக்கிறது? நம் உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பராந்தக சோழன் காலம், 919, 921. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க 30 குடும்பு, அதாவது வார்டு. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பிள்ளையைக் கைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். ஆனால் யார் பெயர் வேண்டுமானாலும் குடத்துக்குள் போகாது. 35 வயதுக்கு மேல், 70-க்குள். சொந்த நிலம், சொந்த மனை. கணக்குக் காட்டாதவன் வெளியே, அவன் உறவுக்காரனும் வெளியே. முதலில் சலிப்பார்கள், பிறகு குலுக்குவார்கள். இயற்கை இதைத் தலைகீழாகச் செய்கிறது. முதலில் குலுக்கல், பிறகுதான் சலிப்பு. குலுக்கலுக்குக் கண் கிடையாது. அதனால் விழுகிற மாற்றத்தில் பெரும்பாலானது நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. சிலது கெடுக்கும். அபூர்வமாக ஒன்று உதவும். ஆனால் சலிக்கிற வேலைக்குக் கண் உண்டு. வெயில் சலிக்கும். பூச்சி சலிக்கும். பசி சலிக்கும். நெல் வயலில் மனிதன் சலிப்பான்.

மனிதன் என்று சொன்னேன், மன்னிக்கணும் தாய்மார்களே. நீங்கள் சலிப்பீர்கள்! விதைப் பண்ணையில் கலவன் எடுப்பது யார்? கதிர் வெளிவந்த வயலில் வரிசை வரிசையாக நடந்து, இது உயரம், இது முந்திப் பூத்தது, இதன் உமி நிறம் வேறு என்று கண்ணாலேயே பிரிப்பது யார்? படிப்பாளிகள் கணக்கில் பார்க்கிற வித்தியாசத்தை எட்டு முழம் தள்ளி நின்று பார்க்கிற கண் உங்கள் கண். நெல் பயிராகத் தொடங்கி ஆயிரக்கணக்கான வருஷம். காட்டு நெல் பழுத்ததும் மணியைத் தானே உதிர்த்துவிடும். உதிராத கதிர் ஒன்று சடுதி மாற்றத்தால் வந்தது. அதை அறுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடி விதைத்தது யார்? அவளுக்குக் கல்வெட்டு இல்லை. பட்டயம் இல்லை. அவள் கை இல்லாவிட்டால் உதிர்ந்த மணியைப் பொறுக்கித்தான் தின்றுகொண்டிருப்போம்!

இப்போது ஒரு கூட்டம் வேறு மாதிரி வருகிறது. டார்வினை நேராக எதிர்க்க வெட்கம். அதனால், "மாற்றம் எதையும் உடைக்கத்தான் செய்யும், படைக்காது" என்கிறார்கள். நல்ல கேள்வி, ஓடி ஒளியப் போவதில்லை. தைவானில் டீ-ஜியோ-வூ-ஜென் என்று ஒரு குட்டை நெல். அதன் ஒரு ஜீனில் 383 எழுத்து காணாமல் போயிருக்கிறது. பயிரை நெட்டையாக வளர்க்கிற ஹார்மோனைச் செய்கிற ஜீன். உடைந்ததா? உடைந்தது. ஆனால் விளைவைப் பாருங்கள். நம் பழைய நெட்டை ரகத்துக்கு உரம் வைத்தால் என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்கள். சாயும்! கதிர் சேற்றில் கிடக்கும். குட்டைப் பயிர் சாயவில்லை. போட்ட உரமெல்லாம் மணிக்குப் போயிற்று. இந்தோனேசியாவின் பேட்டாவோடு அதைச் சேர்த்து 1966-ல் வந்தது ஐ.ஆர்.எட்டு. ஒன்று உடைந்ததும் பயிருக்கே ஒரு புது வாழ்க்கை கிடைத்தது, அய்யா!

ஐ.ஆர்.எட்டு என்றதும் பெரியவர்கள் சிரிக்கிறீர்கள். தெரியும், அந்தக் கதை உங்களுக்கும் தெரியும். ஆரணிப் பக்கத்து விவசாயி. 1960-களின் கடைசியில் அந்த விதையை வாங்கி நட்டார். விளைந்ததைப் பார்த்து மகிழ்ச்சி மனம் கொள்ளவில்லை. அந்த நேரத்தில் வீட்டில் ஆண் குழந்தை. என்ன பெயர் வைத்தார்? ஐ.ஆர்.எட்டு! பெற்ற மகனுக்கு! முருகன் பெயர் வைக்கிற நாட்டில், நெல்லின் பெயரை வைத்தான் ஒரு தமிழன். சோறு போட்டதைக் கும்பிடுகிற சாதி நாம். அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அந்தக் குடும்பம் ஒரு சடுதி மாற்றத்தைத்தான் கூப்பிட்டது!

பின்னால் ஒரு பெரியவர் எழுந்து, அதனால்தானே நம் பழைய ரகமெல்லாம் போயிற்று என்கிறார். உங்கள் கோபம் நியாயம், அய்யா. ஒவ்வொரு பழைய ரகமும் ஆயிரம் வருஷம் சலித்துச் சேர்த்து வைத்த மாற்றங்களின் களஞ்சியம். ஐ.ஆர். 36-க்கு ஒரு வைரஸ் நோயைத் தாங்குகிற குணம் தேவைப்பட்டது. 6,000-க்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றில்தான் கிடைத்தது. ஒன்றே ஒன்றில்! அதை எவனாவது களை என்று எரித்திருந்தால்? உங்கள் வீட்டுப் பரணில் ஒரு சேர் பழைய விதை இருந்தால் தயவுசெய்து அதை நட்டுக் காப்பாற்றுங்கள்.

புதுசாகவே ஒரு திறமை வருமா என்று இன்னும் சந்தேகமா? அமெரிக்காவில் லென்ஸ்கி என்கிறவர் 1988-லிருந்து 12 குடுவையில் பாக்டீரியா வளர்த்தார். அந்தக் கிருமியால் காற்று இருக்கும் இடத்தில் சிட்ரேட்டைத் தின்ன முடியாது. 30,000 தலைமுறை தாண்டிய பிறகு ஒரே ஒரு குடுவையில் தின்ன ஆரம்பித்தது. என்ன நடந்தது? காற்றில்லாதபோது மட்டும் வேலை செய்த ஒரு ஜீன் இரட்டித்து, நகல் வேறொரு சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பழைய ஜீன், புது வேலை. இதைப் படைப்பு என்று சொல்லாமல் என்ன சொல்வது?

அமெரிக்கா எதற்கு? நெல்லைத் தின்கிற புகையான் பூச்சியைக் கேளுங்கள். புகையானைத் தாங்கும் ஜீனோடு 1973-ல் ஐ.ஆர். 26 வந்தது. மூணு, நாலு வருஷம். அதையும் தின்கிற புகையான் வந்துவிட்டது! அதே மருந்தை அடித்துக்கொண்டே இருந்தால் அது வேலை செய்யாமல் போவதும் இந்தக் குலுக்கலாலும் சலிப்பாலும்தான். மருந்துக் கடைக்காரர் இன்னொரு மூடி சேர்த்து ஊற்றச் சொல்வார். ஊற்றாதீர்கள். பரிணாமம் தெரியாத விவசாயி கடன்காரன் ஆவான். அதனால்தான் வயிறு எரிகிறது எனக்கு. டெல்லியில் அச்சாகிற பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். 2023-ல் 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டுக் கண்டித்தார்கள். நம் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. இருக்க வேண்டும். எவன் கை வைத்தாலும் தாமல் விவசாயி முதலில் தெருவுக்கு வர வேண்டும்!

பிள்ளைகளே, உங்கள் ஒவ்வொருவர் உடம்பிலும் அப்பாவிடமும் அம்மாவிடமும் இல்லாத புது எழுத்து மாற்றம் 60, 70 இருக்கும். உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஏரிக்குக் கீழே கதிர் வருகிறபோது வயலில் இறங்குங்கள். கலவன் எடுக்கிற அம்மாமாரோடு நடங்கள். வேறு மாதிரி ஒரு பயிர் தெரிந்தால் பிடுங்காதீர்கள், கலர் நூல் கட்டுங்கள். முற்றினதும் அதன் விதையைத் தனியே எடுத்து, அடுத்த பட்டத்தில் தனி வரிசையாக நடுங்கள். பிள்ளைப் பயிருக்கு அந்த வித்தியாசம் வராவிட்டால் அது உரத்தின் வேலை, தண்ணீரின் வேலை. வந்தால், அது பரம்பரையாக வருகிற குணம். ஆனால் அவசரப்படாதீர்கள். பக்கத்து வயல் மகரந்தம் கலந்திருக்கலாம், வேறு ரகத்து விதை விழுந்திருக்கலாம். ரெண்டு, மூணு பட்டம் தொடர்ந்து நட்டுப் பாருங்கள். தலைமையாசிரியர் மேடையில்தான் இருக்கிறார். எந்த வயல், எந்தக் கிழமை என்று அவர் வந்து இந்த மைக்கிலேயே சொல்லட்டும். நான் இடம் விடுகிறேன்.